ஐந்து புள்ளி ஆறு

"மறுபடியும் ஹேங்கா?" என்றாள் மனைவி மேகலா.

விஜயகுமார் ரீஸ்டார்ட் பட்டனை அழுத்தினான். ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே பிராசஸரோடு வாங்கிய இரண்டு கம்ப்யூட்டர்கள். ஓசூரில் சகலை குருமூர்த்தியிடம் இருப்பது, வேகத்தை 5.6 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றியும் நாளெல்லாம் நிற்காமல் ஓடுகிறது. கிருஷ்ணகிரியில் இவனுடையது பத்தே நிமிடத்தில் கொதித்து உறைந்துவிடுகிறது. ஃபேனை மாற்றினான், வோல்டேஜைக் குறைத்தான், மெமரியைச் சோதித்தான். வேகத்தை ஐந்துக்கு இறக்கினால்தான் அடங்குகிறது.

"செட்டிங் எல்லாத்தையும் அவருதான் ஃபேமிலி குரூப்ல போட்டிருக்காரே?"

"ஏதோ ஒண்ண மறைக்கறான். எனக்குத் தெரியும்."

வயிற்றெரிச்சல் தாங்காமல் ஞாயிற்றுக்கிழமை ஓசூருக்கு பஸ் ஏறினான்.

"கம்ப்யூட்டரா மாமா? அது வீட்ல இல்லயே" என்ற கொழுந்தியாள் ரேவதி, எதிரில் இருந்த அவர்களுடைய பூ குடோனைக் காட்டினாள்.

ரோஜா வைக்கும் குளிர் அறை. பூக்கட்டுகளுக்கு நடுவே ஸ்வெட்டரும் மங்கி குல்லாவுமாக உட்கார்ந்து, நடுங்கும் விரல்களால் மவுஸை நகர்த்திக்கொண்டிருந்தான் குருமூர்த்தி.

"வாங்க சகலை. வீட்ல வச்சா பத்து நிமிஷத்துல ஹேங் ஆயிடுது. அதான் இங்க தூக்கியாந்துட்டேன்."

விஜயகுமாருக்கு வயிறு குளிர்ந்தது.

"எதுக்கு சகலை இந்தப் பாடு? வேகத்தக் குறைக்க வேண்டியதுதான?"

"எப்படிக் குறைக்கறது? வாங்குன மறுநாளே 'என்னுது அஞ்சு புள்ளி ஆறுல ஓடுது'னு போன் பண்ணிச் சொன்னது நீங்கதான?" குருமூர்த்தி தும்மினான். "குளிர் ரூம் இல்லாம நீங்க எப்படி ஓட்டறீங்க? அந்த ஒண்ண மட்டும் எங்கிட்ட மறைக்கறீங்க சகலை."