சொல்லக்கூடாத வழி

வெளிநாட்டு உதவியில் நடந்த அந்தத் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில், நர்ஸ் ரெஜினாவின் காலரில், உதவி தருபவர்கள் கொடுத்த, பேச்சை ஒட்டுக்கேட்கும் ஒரு சின்ன உலோக வில்லை எப்போதும் குத்தியிருக்கும். கருத்தடை, கருக்கலைப்பு என்ற பேச்சு அதன் காதில் விழுந்தால் போதும், மருந்து அலமாரி தானாகவே பூட்டிக்கொள்ளும். பக்கத்துத் தோட்டத்து நர்ஸ் ஒரே ஒரு தடவை வாய் திறந்ததில், இன்சுலின் உள்ளேயே பூட்டிக் கிடக்க, இரண்டு பேர் செத்துப்போனார்கள்.

அன்று காலை தவமலர் வந்தாள். கொழுந்து பறிப்பவள், மூன்று பிள்ளைகளின் தாய். போன பிரசவத்திலேயே அவளுடைய இதயம் பழுதாகிவிட்டது. இப்போது மறுபடியும் இரண்டு மாதம்.

"மிஸ்ஸி, இதையும் பெத்துட்டு நான் எந்திரிச்சிருவேனா? வேற வழி ஏதும் இருக்கா?"

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வழி இருந்தது. அதைச் சொல்ல ரெஜினாவுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் வெளியே பெஞ்சில் இன்சுலினுக்காக ஏழு பேர் காத்திருந்தார்கள். முன்பெல்லாம் கண்ஜாடையாவது காட்டுவாள். போன மாதம் வில்லைக்குக் கேமராக் கண்ணும் வைத்துவிட்டார்கள்.

"இரும்புச்சத்து மாத்திரை தர்றேன். வேளாவேளைக்குச் சாப்பிடுங்க," என்றாள். யாரோ பேசுவதுபோல் இருந்தது அவளுக்கு.

தவமலரின் முகம் தெளிந்தது. "ஆபத்துன்னா நீங்க சொல்லாமலா இருப்பீங்க? ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல மிஸ்ஸி. இப்பத்தான் உசுரு வந்துச்சு."

மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு, சிரித்த முகத்தோடு அவள் படியிறங்கிப் போனாள். அவளைக் கூப்பிடத்தான் ரெஜினா வாசல்வரை ஓடினாள். வாயைத் திறந்து, பெஞ்சில் முதலில் இருந்தவரின் பெயரைக் கூப்பிட்டாள்.