ஏற்கெனவே உள்ளே

'நீங்கள் ஏற்கெனவே வளாகத்துக்குள் இருக்கிறீர்கள்' என்று சிவப்பு எழுத்தில் அடித்துச் சொன்னது அவன் கைபேசியிலிருந்த நுழைவு ஆப். அவனோ பல்கலைக்கழகத்துக்கு வெளியே, பூட்டிய கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"யோவ், கண்ணு தெரியல? இங்கதானே நிக்கிறேன்! கேட்டத் திற!"

அந்த 'யோவ்' காவலாளிக்குச் சுருக்கென்றது. ஆப் வந்த நாள் முதல் அது அடிக்கும் கூத்துக்கெல்லாம் வசவு வாங்கிக் கட்டிக்கொள்வது அவர்தான்.

"பச்சை வந்தா கேட்டு திறக்கும். வரலேன்னா நீ எவனா இருந்தா எனக்கென்ன? ஓரமா நில்லு."

"பரீட்சை ஆரம்பிச்சாச்சு. அரை மணி வரைக்கும்தான் ஹால்ல விடுவாங்க. இதான் கடைசி சான்ஸ், விட்டா டிகிரியே போச்சு! உனக்கென்ன, உக்காந்த இடத்துல சம்பளம்!"

"இன்னொரு வார்த்தை பேசின, பல்லு இருக்காது."

திட்டினாலும் சனியன் தொலைந்தால் போதும் என்று நோட்டை எடுத்தார். ஹாலில் கேட்டுக்கொண்டு, கையால் எழுதி உள்ளே விட ஒரு வழி இருந்தது. அவன் நீட்டிய கைபேசித் திரையில் மாணவர் படம் வரவேண்டிய இடத்தில், வழக்கம்போல ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"அப்பா பேரு?"

அவன் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"பெத்த அப்பன் பேருக்கும் போனா? வெளங்கிரும்!" என்று எரிந்து விழுந்தபடி, தேர்வுக்கூடத்துக்குப் போன் போட்டுப் பதிவெண்ணைச் சொன்னார். மறுமுனையில் மேற்பார்வையாளர் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"தம்பி... உன் நம்பர்ல ஒருத்தன் உள்ள உக்காந்து எழுதிக்கிட்டிருக்கானாம்!"

"இருக்காதே..." அவன் மறுபடி அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்தான்.

அவ்வளவுதான், இத்தனை நேரம் அவன்மேல் இருந்த ஆத்திரமெல்லாம் உள்ளே இருப்பவன்மேல் பாய்ந்தது. "உன் படிப்புல மண்ணைப் போடப் பாத்திருக்கான். உன்னைப் போய் திட்டிட்டேனே! சார், அசல் ஆளு என் பக்கத்துல நிக்கிறான். அவன் பேப்பரப் புடுங்குங்க!"

"வேணாங்க. விடுங்க, நான் போயிடறேன்." அவன் பின்வாங்கினான்.

"எங்க போற? பயப்படாதே, நான் இருக்கேன்." காவலாளி அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, அவனுக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டார்.

நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு அழுகை. "சார், நான்தான் சார்... சத்தியமா நான்தான். எழுத விடுங்க சார்!"

"என்னமா நடிக்கிறான் பாரு, திருட்டுப்பய! சார், எழுதினதக் கிழிச்சுப் போட்டுட்டுப் போலீசைக் கூப்பிடுங்க!"

இப்போது அவன் கையை உதறவில்லை. அழுகையைக் கேட்கக் கேட்க அவன் தலை தாழ்ந்துகொண்டே போனது.

"அவன எழுத விடச் சொல்லுங்கண்ணே... நான் வர லேட்டானதும் அவனே போய் உக்காந்துட்டான் போல. அவனுக்குப் பதிலா எழுத வந்தவன் நான்தான்."