மலையில் எத்தனை பேர்?

ஆனந்தமேரி கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "கொரோனாவுக்கே ரெண்டு ஊசி போட்டாச்சு. சளிக்காய்ச்சலுக்கும் எதுக்கு டாக்டர்?"

"ஊசின்னா பயமாம்மா?" என்றான் டாக்டர் அமலன்.

ஆனந்தமேரி தலையைக் குனித்துக்கொண்டார்.

"சரி, ஜன்னல் வழியா மலைக்கோட்டையப் பாருங்க. எத்தனை பேரு ஏறுறாங்கன்னு எண்ணிச் சொல்லுங்க."

ஆனந்தமேரி எட்டிப் பார்த்தார். "ஊரடங்குல கோட்டையப் பூட்டிட்டாங்களே. ஒருத்தரும் இல்ல."

"போட்டாச்சு."

அவர் தோளைத் தடவியபடி சிரித்துவிட்டார். "இது நான் பிள்ளைகளுக்குச் சொல்றதாச்சே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒண்ணாப்புப் படிக்கையில இதே ரூம்ல நான் ஏழு பேரு வரைக்கும் எண்ணுனேன், சிஸ்டர். அப்ப ஊசி உங்க கையில இருந்துச்சு."