தப்பிய தாளம்

பாட்டு மிக்ஸிங்கின் நடுவே, சாஃப்ட்வேரில் ட்ரம்ஸை மியூட் செய்தேன். ‘டம் டம்’ நிற்கவில்லை. தாளம் வேறு தப்பியது. பயந்துபோய் நண்பனுக்குப் போன் போட்டேன்.

“ட்ரம்ஸ் சத்தம் தர்ற ப்ளகின் உள்ளேயும் ஒரு மிக்ஸர் இருக்குல்ல? அதுல ரூம் மைக்கை மூடுடா.”

மூடினேன். “இன்னும் கேக்குதுடா!”

“ப்ளகினையே தூக்கிடு.”

தூக்கினேன். ஸ்பீக்கரையும் அணைத்தேன். டம்... டம் டம்... “ஸ்பீக்கரை அணைச்சும் கேக்குதுடா!”

“பயமா இருந்தா, பாட வந்த உங்க அக்காவைத் துணைக்கு வச்சுக்கோ.”

“அக்கா பாடி முடிச்சதும்...” போனைக் கீழே போட்டேன்.

ரெக்கார்டிங்கில் கதவு ஆடக் கூடாதென்று பாடும் அறையை வெளியே தாழிட்டவன் நான்தான். ஓடிப்போய்த் திறந்தேன்.

வேர்த்துக் கொட்ட நின்றாள் அக்கா. “சவுண்ட் ப்ரூஃப் ரூம், கத்தினா வெளியே கேக்காது. கதவைத் தாளத்தோட குத்தினா ட்ரம்ஸ்னு விட்டுடுவே. அதான்டா தப்பித் தப்பிக் குத்தினேன்!”