முகத்தைத் திருப்பிக்கொண்டவர்

“இந்த மாசத்தோட ஊட்டைக் காலி பண்ணிக்கச் சொல்லிரு கண்ணு.”

ஞாயிற்றுக்கிழமை காலையில், காபி டம்ளரைக் கையில் வாங்கும் முன்பே வேலுமணி இப்படி ஆரம்பித்ததும் மகள் சௌந்தர்யாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

“யாரைச் சொல்றீங்கப்பா?”

“பக்கத்து ஊட்டு ஹானைத்தான். உன்ற கம்பெனிக் கொரியாக்காரரு.”

சேலத்தைத் தாண்டி அவர்கள் குடியிருந்த நகரில் எல்லாமே பெரிய வீடுகள். போர்வெல் ரிக் வண்டி முதலாளிகள், டாக்டர்கள், நூல் மில்காரர்கள். கொரியக் கம்பெனி ஒன்று பக்கத்தில் தொழிற்சாலை ஆரம்பித்த மூன்றே வருஷத்தில் பதினாலு கொரியக் குடும்பங்கள் அங்கே குடிவந்துவிட்டன. மளிகைக் கடைப் பலகையில் கொரிய எழுத்து ஏறிவிட்டது. முள்ளங்கிக்கு அவர்கள் மொழியில் ‘மூ’ என்று பெயராம். காய் வண்டிக்காரர் அந்தத் தெருவுக்குள் நுழைந்ததும் “மூ, மூ” என்று கூவப் பழகிவிட்டார்.

வேலுமணிக்கு அங்கே அடுத்தடுத்து இரண்டு வீடுகள். ஒன்றில் அவர் குடியிருந்தார். இன்னொன்றில் ஹான். அந்தக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருக்கும் சௌந்தர்யாதான் ஹானைக் கூட்டிவந்து வீடு பார்த்துக் கொடுத்தவள்.

“அவரு என்னங்கப்பா பண்ணினாரு?”

“நேத்துப் பொழுதோட மாடிக்குக் கூப்பிட்டு உக்கார வெச்சேன். மச்சினன் துபாயில இருந்து கொண்டாந்த பாட்டிலை அவருக்காகத்தான் ஒடச்சேன். நம்ம வாட்ச்மேன் ஆண்டி ஐஸ் கொண்டாந்தான், கறி வறுவல் கொண்டாந்தான், கடைசி வரைக்கும் கூடவே நின்னு எடுத்துக் குடுத்தான். ஒரு கொறையும் வெக்கலே. இந்த மனுசன் கிளாஸை எடுத்தாப் போதும், பொசுக்குனு அந்தப் பக்கம் திரும்பிக்கறாரு. முதுகைக் காட்டிட்டுக் குடிக்கறாரு. ஒருக்கா இல்ல, நாலு வாட்டி. எம் மூஞ்சியப் பார்த்தா உள்ள எறங்காதாமா?”

சௌந்தர்யா சிரித்துவிட்டாள்.

“அது அவங்க ஊரு மரியாதைங்கப்பா. மூத்தவங்க முன்னால நேராப் பார்த்துக் குடிக்க மாட்டாங்க. மொகத்தைத் திருப்பிக்கிட்டுத்தான் குடிப்பாங்க. நீங்க பெரியப்பாவைக் கண்டா சிகரெட்டைப் பொறத்தால மறைக்கறீங்கல்ல, அந்த மாதிரி.”

“நெசமாவா சொல்ற?”

“நெசந்தானுங்க. கம்பெனி விருந்துல எத்தனை தடவை பார்த்திருக்கறேன்.”

வேலுமணி அப்போதுதான் டம்ளரைக் கையில் வாங்கினார். காபியை ஒரே மூச்சில் குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டார்.

மத்தியானத்துக்குள் நகர் முழுக்க விஷயம் போய்விட்டது. எதிர்வீட்டு டாக்டர் குமாரசாமியை நிறுத்திவைத்துச் சொன்னார். சலூனில் ஷேவிங் சோப்பு நுரையோடு சொன்னார். வீட்டுக்குத் திரும்பியதும், கார் கழுவிக்கொண்டிருந்த வாட்ச்மேன் ஆண்டியிடமும் சொன்னார்.

“பார்த்துக்க ஆண்டி. எங்கியோ கொரியாவுல பொறந்தவரு. என்ற வயசுக்கு எப்படி மரியாதை குடுக்கோணும்னு தெரிஞ்சு வெச்சிருக்கறாரு பாரு.”

“ஆமாங்க,” என்றார் ஆண்டி. குனிந்து சக்கரத்தைத் துடைக்கத் தொடங்கினார்.

அப்படிப்பட்ட மனுஷனைப் போய்க் காலி பண்ணச் சொல்லப் பார்த்தோமே என்று வேலுமணிக்கு உறுத்தல். சாயங்காலம் தோட்டத்துப் பூவன் தார் ஒன்றை ஆண்டியின் தோளில் ஏற்றி, சௌந்தர்யாவையும் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார்.

ஹான் வாசலுக்கே வந்தார். வாழைத்தாரை ஆண்டியிடமிருந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எல்லோரையும் குனிந்து வணங்கி உள்ளே கூப்பிட்டார். ஆண்டி மட்டும் வழக்கம்போல் வாசற்படியிலேயே நின்றுகொண்டார்.

சோபாவில் உட்கார்ந்து, பார்லி டீயை ஒரு வாய் குடித்ததும் வேலுமணிக்கு ஹான் மேல் பிரியம் பொங்கிவிட்டது.

“இவருக்கு என்ன வயசாகுதுன்னு கேளு கண்ணு. ஒரு நாப்பத்தஞ்சு இருக்குமா? எனக்கொரு தம்பி இருந்தா இப்படித்தான் இருப்பான்.”

சௌந்தர்யா கொரிய மொழியில் கேட்டாள். ஹான் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

“அறுபத்திரண்டாமாங்கப்பா.”

வேலுமணியின் கை கோப்பையோடு அப்படியே நின்றது. அவருக்கே ஐம்பத்தெட்டுதான்.

“அப்ப எனக்கு அண்ணனாச்சே. மூத்தவரு எதுக்கு எனக்காக மொகத்தைத் திருப்போணும்? அதையும் கேளு.”

அவள் கேட்டாள். இதை ஏன் கேட்கிறார்கள் என்பதுபோல் ஹான் இருவரையும் பார்த்தார். பிறகு நிதானமாக, கொஞ்சம் நீளமாகவே பேசினார். பேச்சின் நடுவே உள்ளங்கையை விரித்து வாசல் பக்கம் காட்டினார்.

சௌந்தர்யா தன் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“என்னங்கறாரு கண்ணு?”

“அது உங்களுக்கு இல்லையாமாங்கப்பா.” அவள் குரல் இறங்கியிருந்தது. “நம்ம எல்லாரையும் விடப் பெரியவரு ஒருத்தரு மாடியில கடைசி வரைக்கும் நின்னுட்டே இருந்தாரில்ல, அவரு முன்னால எப்படி நேரா உக்காந்து குடிக்கறதுன்னு கேக்கறாருங்க.”

மூன்று பேரும் வாசலைப் பார்த்தார்கள்.

வாசற்படியில் நின்றிருந்த ஆண்டி, வேறு யாரையோ பார்க்கிறார்கள் என்று நினைத்து, தன் முதுகுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

வேலுமணி சோபாவில் நகர்ந்து இடம் விட்டார்.

“உங்களைத்தானுங்கண்ணா. வந்து உக்காருங்க.”