ஆறாவது ஆள்

உறைக்கு மோர் கேட்டு வருவதுபோலத்தான் பக்கத்து வீட்டுச் செண்பகம் வந்து நின்றாள். "மங்கை, இன்னைக்கு எங்க வீட்டுல அஞ்சு பேருதான். இதழினியைக் கொஞ்சம் அனுப்பேன். விடிஞ்சதும் கொண்டாந்து விட்டுடறேன்."

எதிரி ஒளிந்திருப்பதாக ட்ரோனுக்குத் தோன்றினால், ஐந்து பேர் வரை இருக்கும் வீட்டைத் தகர்க்கலாம் என்பது போர்ச் சட்டம். ஆறாவது தலை தெரிந்தால் திரும்பிப் போய்விடும். அதனால் அந்தத் தெருவில் ஆள் கேட்டு வந்தவர்களுக்கு யாரும் இல்லையென்று சொல்வதில்லை. மங்கை வீட்டில் ஏழு பேர். மகளுக்குத் தலை வாரி, பூ வைத்து அனுப்பினாள்.

விளக்கேற்றும்போது ரேடியோ அறிவித்தது: "பொதுமக்கள் கவனத்துக்கு. அனுமதிக்கப்பட்ட உயிரிழப்பு, இன்று முதல் வீட்டுக்கு ஆறு."

மங்கை தீப்பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். செண்பகத்தின் வீட்டுக்குள் நுழைந்து மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். "வாடி, நம்ம வீட்டுல ஆள் குறையுது!"

பின்னால் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"கோவிச்சுக்காத மங்கை," என்றாள் செண்பகம், கதவில் சாய்ந்தபடி. "நீ வந்ததுல நாங்க ஏழாயிட்டோம்."

மங்கை ஜன்னலுக்குப் பாய்ந்தாள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவள் கணவன் தங்கள் வீட்டு வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.