பேர் சொல்லாத மாம்பழம்

"இன்னிக்கும் பாருங்க. நம்ம கேட் வந்ததும் வாயை மூடிக்கிட்டான்."

ஷோபனா ஜன்னல் திரையை விலக்கிப் பிடித்திருந்தாள். புருஷன் சிவராம் ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒற்றை சாக்ஸோடு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தான்.

"யாரு?"

"நிமாய். மாம்பழக்காரன்."

"தொண்டை கட்டியிருக்கும்."

பெங்காலிகள் நிறைந்த டாக்குரியாவின் அந்தச் சந்து முழுக்கக் கேட்கிற தொண்டை அது. கட்டவெல்லாம் இல்லை. நாலு வீடு தாண்டி, வார்த்தை பிடிபடாத தூரத்தில் மறுபடி முழங்கத்தான் செய்தது. இவர்கள் வாசலில் மட்டும், சாவு வீட்டைக் கடக்கிற மாதிரி, தலையைக் குனிந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

போன மாதம் இப்படி இல்லை. இதே கேட்டில் நின்று 'ஹிம்சாகர், ஹிம்சாகர்' என்று பழத்தின் பேரைச் சொல்லித் தெருவையே எழுப்புவான். 'பௌதி' என்று அண்ணி முறை வைத்து ஷோபனாவைக் கூப்பிட்டு, கொசுறாக ஒரு பழமும் போட்டுவிட்டுப் போவான்.

போன மாதம் மகள் கீதாஞ்சலி கட்டிலில் கிடந்தாள். இந்த மாதம்தான் வாசலில் நடக்க ஆரம்பித்திருக்கிறாள். எப்படி யோசித்தாலும் ஷோபனாவுக்கு வேறு காரணம் அகப்படவில்லை. காலங்காத்தாலே காலை இழுத்து நடக்கிற பிள்ளை கண்ணில் பட்டால் வியாபாரம் ஆகாது என்று நினைக்கிறான் போலிருக்கிறது.

போன வருஷம் பூஜை லீவுக்கு முன்னால், ஸ்கூல் விட்டு வரும்போது ஒரு பைக் இடித்துவிட்டது. தொடை எலும்பில் பிளேட் வைத்தார்கள். நடுவில் சீழ் பிடித்து இன்னொரு ஆபரேஷன். எட்டு வயசுப் பிள்ளைக்கு இப்போது இடது கால் ஒரு விரற்கடை குட்டை. அந்தப் பக்கச் செருப்புக்கு அடியில் மட்டும் உயரம் கூட்டிக் கொடுத்திருந்தார்கள்.

பயிற்சி கொடுக்க வருகிற பாகீரதி மேடம், கால் தேறியாச்சு, இனி தெருவில் நடந்தால்தான் மனசும் தேறும் என்று சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை ஸ்கூல் திறக்கிறது.

கீதாஞ்சலியோ கேட் வரைக்கும் வருவாள். கம்பியைத் தொடுவாள். திரும்பிவிடுவாள்.

"எல்லாரும் பாப்பாங்கம்மா."

அவளுக்காக வீட்டில் என்னென்னவோ மாறியிருந்தது. வாசலில் இருந்த பாண்டிக் கட்டத்தைத் தேய்த்துக் கழுவியாயிற்று. பெஹாலாவிலிருந்து வந்த நாத்தனார் மகள் வித்யா, "நொண்டி விளையாடலாமா?" என்று ஆரம்பித்தபோது, ஷோபனா அவளை அடுக்களைக்கு இழுத்துப் போய், சாக்லேட் கொடுத்து, அந்த வார்த்தை இந்த வீட்டில் வரக்கூடாது என்று வாயை அடைத்தாள்.

இங்கே இவ்வளவு பொத்திப் பொத்தி வைத்தால், தெருவில் ஒருத்தன் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போகிறான். பிள்ளை கவனிக்காமலா இருக்கும்?

மறுநாள் சந்து முனையில் குரல் கேட்டதுமே ஷோபனா கேட்டுக்கு வெளியே போய் நின்றாள். கடையில் மீதிச் சில்லறை கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவள்.

வண்டி வந்தது. குரல் நின்றது. தலை குனிந்தது. ஷோபனா வண்டியைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்குத் தெரிந்த பெங்காலி காய்கறி வாங்கப் போதும், சண்டைக்குப் போதாது. கேட்டுக்கு உள்ளே நின்ற மகளைப் பார்த்தாள்.

"கீது, நம்ம வாசல்ல மட்டும் ஏன் கூவ மாட்டேங்கறான்னு கேளு."

கீதாஞ்சலி கேட்டாள். நிமாய் வானத்தைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னான்.

"சும்மாதானாம்மா."

"என்ன பழம்னு கேளு."

"மாம்பழமாம்."

"அது எனக்குத் தெரியாதா? என்ன மாம்பழம்?"

"நல்ல மாம்பழமாம்."

ஷோபனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழத்துக்கு நடுவே ஓர் அட்டை கவிழ்த்துச் செருகியிருந்தது. நிமாய் பதறித் தடுப்பதற்குள் உருவிவிட்டாள். பெங்காலி எழுத்து.

"படிடி இதை."

"இங்கேருந்து தெரியலைம்மா." வந்து, எட்டிப் பார்த்துப் படித்தாள். "லேங்ரா."

"அட, நாம வருஷா வருஷம் வாங்கற லேங்ராதானே. ஹிம்சாகர் முடிஞ்சா அடுத்தது அதுதான். இதைச் சொல்ல இவனுக்கு வாய் வலிக்குதா?"

நிமாய் நாக்கைக் கடித்துக்கொண்டான். கழுத்துத் துண்டால் வேர்க்காத முகத்தைத் துடைத்தான்.

கீதாஞ்சலி அவனைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். தன் செருப்பைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அம்மா, பத்து வருஷமா சாப்பிடறே, அர்த்தம் தெரியாதா உனக்கு? லேங்ரான்னா நொண்டி. நொண்டி மாம்பழம். என் காதுல விழக்கூடாதுன்னுதான் நிமாய் காகு வாயைத் திறக்கலை."

ஷோபனாவின் கை வண்டியிலிருந்து தானாக நழுவியது. அட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். நிமாயும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றான்.

"கூவலைன்னா வியாபாரம் கெட்டுடும் காகு," என்று சித்தப்பா முறை வைத்து அவனிடம் பெங்காலியில் சொல்லிவிட்டு, கீதாஞ்சலி அட்டையை வாங்கித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"லேங்ரா! லேங்ரா!"

வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. குரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அந்த ஒரு வார்த்தைக்குப் பூட்டுப் போட்டு வைத்திருந்த பெரியவர்கள் இரண்டு பேரும் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்கள்: அவள் கேட்டைத் தாண்டி ஆறு வீடு போயிருந்தாள்.